கலைச்சொல் வேண்டும்: வரைகலை அட்டையின் நிலை(ப்)பொருளை நாம் என்ன செய்கிறோம்?

மதுரை, பணிமனை ஆசிரியை – வியாழன் காலை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பாலிடெக்னிக்கில் கணினிப் பழுதுநீக்க வகுப்புக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்களன்று அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினோரு பாடம் முடிந்தது. பன்னிரண்டாம் பாடத்தில் ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

வகுப்புக்காகப் பழைய ரேடியான் ஆர்எக்ஸ் 580 அட்டைகள் ஆறு வாங்கினோம். எல்லாம் ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயம் தோண்டியவை. 2022 செப்டம்பர் 15இல் அந்தத் தொழில் ஒரே நாளில் படுத்துவிட்டதல்லவா, அதற்குப் பிறகு மலிவாகக் கிடைத்தவை. யாரோ பயாஸை, அதாவது அட்டைக்குள்ளேயே பதிந்திருந்து அதை எழுப்பி இயக்கும் நிரலைத் திருத்தி, குறைந்த வேகத்துக்கான நினைவக நேர அளவுகளை எடுத்து அதிக வேகத்துக்கும் ஒட்டிவைத்திருக்கிறார்கள். தோண்டுவதற்கு அது லாபம். விளையாட்டு ஓட்டினால் திரை கறுத்துவிடுகிறது. நிறுவனத்தின் மூல பயாஸைத் திரும்ப ஏற்றிச் சரிசெய்வதுதான் பாடம்.

வாக்கியம் இது: "ஃபர்ம்வேரை ஃப்ளாஷ் செய்யும்போது கணினியை அணைக்காதீர்கள், அணைத்தால் அட்டை பிரிக் ஆகிவிடும்."

ஃபர்ம்வேர் (பயாஸ் போல வன்பொருளுக்குள் பதிந்திருக்கும் நிரல்), ஃப்ளாஷ் (அதை மாற்றி எழுதுவது), பிரிக் (அட்டை எழவே எழாமல் செங்கல் போல ஆவது): மூன்று சொல்லுக்கும் தமிழ் வேண்டும். ஏன் பிடிவாதம் என்று கேட்காதீர்கள். போன வருடம் கரும்பலகையில் இப்படியே எழுதிப் போட்டேன். ஒரு பையன் எழுந்து, "மேடம், அட்டையை எப்போ பிரிக்கணும்?" என்றான்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – வியாழன் மதியம்

அம்மா, வணக்கம்.

வன்பொருள், மென்பொருள் என்று பெயரிட்டவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். வல்லினம் ஆயிற்று, மெல்லினம் ஆயிற்று. இடையினம் எங்கே? உங்கள் ஃபர்ம்வேர் இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்றுதான் எல்லோரும் விளக்குகிறார்கள். அப்படியானால் இடைப்பொருள். எழுத்துக்கு மூன்று இனம் வகுத்த மொழிக்கு இது தானாக வந்து விழும் சொல்.

இல்லை, நிலைபொருள் என்பதே புழங்கட்டும் என்றால் மறுக்கவில்லை. ஆனால் ப் போடாதீர்கள். நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள். வினைத்தொகை. ஊறுகாயை யாரும் ஊறுக்காய் என்று எழுதுவதில்லை.

ஃப்ளாஷுக்குப் பொறித்தல். கல்லில் பொறித்தோம், செப்பேட்டில் பொறித்தோம். இமயத்தில் வில்லும் புலியும் கயலும் பொறித்ததாகப் பாடி வைத்த மொழி, சிலிக்கான் சில்லில் பொறிக்கக் கூடாதா?

சென்னை, கார்டு சர்வீஸ் – வியாழன் மாலை

ஐயா வணக்கம். நான் படிச்சது கம்மி, ரிச்சி தெருவுல பதினாலு வருஷமா கார்டு சர்வீஸ் பண்றேன்.

"பொறிச்சாச்சு சார்"னு நான் போன்ல சொன்னா, "ஐயையோ, என் கார்டைப் பொரிச்சுட்டியா"ன்னு கஸ்டமர் அலறுவார். கார்டு பொரிஞ்சா எங்க கடையில ஒரே அர்த்தம்தான்: புகை. நாங்க சொல்றது "பயாஸ் ஏத்துறது". கஸ்டமருக்கும் புரியும், டீ வாங்கிட்டு வர்ற பையனுக்கும் புரியும்.

டீச்சர், வார்த்தை கிடக்கட்டும், இதெல்லாம் பாடத்துல எழுதிட்டீங்களா? இப்ப உள்ள இருக்கற பயாஸை முதல்ல ஜிபியு-ஸீங்கற சாஃப்ட்வேர் வெச்சு சேவ் பண்ணிக்கணும், அது மைனிங் பயாஸா இருந்தாலும் சரி. அப்புறம் மெமரி யாருதுன்னு பாக்கணும்: சாம்சங்கா, ஹைனிக்ஸா, மைக்ரானா. ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருக்கும், உள்ள மெமரி மட்டும் வேற வேறயா இருக்கும். சாம்சங் போட்ட கார்டுல ஹைனிக்ஸ் டைமிங் மட்டும் இருக்கற பயாஸை ஏத்துனீங்கன்னா, சும்மா டெஸ்க்டாப் வந்து நிக்கும், நல்லாருக்கேன்னு நினைப்பீங்க. கேம் போட்டதும் கலர் கலரா கட்டம் வரும். ஆறு கார்டுக்கும் ஒரே ஃபைலைப் போடாதீங்க.

தஞ்சாவூர் – வியாழன் இரவு

ஃப்ளாஷ் என்பது மின்னல் வெட்டுவது. ஆகவே "மின்வெட்டுதல்". சுருக்கமாக முடிந்தது.

கோவை, நிரலர் – வெள்ளி காலை

தஞ்சை நண்பருக்கு: "மின்வெட்டின்போது மின்வெட்டாதீர்கள்" என்று எச்சரிக்கை எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. கல்லூரியில் இருந்தபோது ரேடியான் எச்டி 6950 வைத்திருந்தேன், 2010 டிசம்பரில் வந்த அட்டை. அதில் 6970இன் பயாஸை ஏற்றினால் பூட்டிவைத்த ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் அலகுகள்) திறந்துகொள்ளும்; 1408 என்றிருந்தது 1536 ஆகும். காசில்லாமல் பெரிய அட்டை. எந்த மாணவன் விடுவான்? 2011இல் கோவையில் கரண்ட் எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எழுதத் தொடங்கிச் சில விநாடிதான், அறை இருண்டது. யூபிஎஸ் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு அதுவும் போயிற்று. கரண்ட் வந்த பிறகு மின்விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. அட்டையின் விளிம்பில் பல்குத்தும் குச்சியால் நகர்த்தும் அளவுக்கு ஒரு சுவிட்சு இருந்ததால் பிழைத்தேன். அதைத் தள்ளினால் ஆலையில் எழுதிய இரண்டாவது பயாஸிலிருந்து எழும். எழுந்த பின் சுவிட்சைப் பழைய இடத்துக்கே தள்ளி மறுபடி எழுதினேன். எல்லா அட்டையிலும் அந்தச் சுவிட்சு இருக்காது.

இனிச் சொல். ஃப்ளாஷ் என்ற பெயர் தோஷிபாவிலிருந்து வந்தது. 1980களில் புஜியோ மசுவோகா இந்த வகை நினைவகத்தை உருவாக்கியபோது, தரவு மொத்தமாக ஒரே வீச்சில் அழிவதைப் பார்த்து, கேமரா ஃப்ளாஷ் போல இருக்கிறதே என்று அவருடைய சகா ஷோஜி ஆரியிசுமி வைத்த பெயர். கவனியுங்கள்: பெயர் வந்தது எழுதுவதற்காக அல்ல, அழிப்பதற்காக. பொறித்தல் இதற்கு நேர் எதிர். கல்வெட்டில் பொறித்ததை எவன் அழித்தான்?

இடைப்பொருள் அழகுதான் ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடைமென்பொருள் (மிடில்வேர்) என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரே தேர்வில் இரண்டும் வந்தால் பையன்கள் பாவம். போதாததற்கு, 1967இல் கணினி அறிஞர் ஆஷர் ஓப்ளர் ஃபர்ம்வேர் என்ற சொல்லை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது செயலியின் நுண்நிரல் (மைக்ரோகோட்). பயாஸ் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மூலத்திலேயே பொருள் நகர்ந்துவிட்ட சொல்லுக்கு நாம் வேர் பிடித்துத் தொங்க வேண்டுமா?

நாகர்கோவில் – வெள்ளி மதியம்

கோவைத் தம்பிக்கு. கல்வெட்டை அழித்தவர்கள் இல்லையென்று யார் சொன்னது? பழைய கல்லைச் செதுக்கிவிட்டு மேலேயே எழுதியிருக்கிறார்கள். படிக்கட்டாகப் போட்டும் மிதித்திருக்கிறார்கள்.

பொறி என்பதை நீங்கள் யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. நெருப்புப் பொறி, ஒளித்துளி. "சட்டென்று பொறி தட்டியது" என்கிறோமே, அது ஃப்ளாஷ் அல்லாமல் வேறென்ன? இயந்திரமும் பொறி, அதனால்தானே பொறியியல் கல்லூரி? ஐம்பொறியும் பொறி. முத்திரையும் பொறி. எலியைப் பிடிப்பதும் பொறி. ஒளி, இயந்திரம், எழுத்து மூன்றும் ஒரே வேரில் வந்து நிற்கும் சொல்லை வைத்துக்கொண்டு ஏற்றுதல் என்று மூட்டை தூக்கச் சொல்கிறீர்கள்.

ரிச்சி தெருத் தம்பிக்கு: றகரமும் ரகரமும் உங்கள் ஊரில் ஒன்றாகிவிட்டதற்கு மொழி பொறுப்பல்ல. எங்கள் நாஞ்சில் நாட்டில் மீனைப் பொரிப்போம், பெயரைப் பொறிப்போம். கலங்குவதில்லை.

யாழ்ப்பாணம் – வெள்ளி இரவு

வணக்கம். ற, ர எங்களுக்கும் வேறைதான் ஐயா, உங்களோட நிக்கிறன். ஆனால் அச்சில வரேக்க ஒரு எழுத்து மாறினால் போச்சு. "அட்டை பொரிக்கப்படுகிறது" எண்டு திரையில வந்தால் பிள்ளையள் சிரிச்சே கரண்டைப் பிடுங்கிப்போடுவினம்.

எங்கட பக்கம் கணனி எண்டுதான் எழுதுறது, நீங்கள் கணினி எண்டுறியள். இருபது வருசமா அந்தச் சண்டையும் தீரேல்ல. அதால எனக்குச் சொல் எதெண்டாலும் பெரிய கரைச்சல் இல்லை. ஒண்டு மட்டும் சொல்லுறன். சின்ன வயசில சிலேற்றைக் கோவையிலையால தேய்ச்சு அழிச்சுப்போட்டுத்தான் எழுதுவம். அழிச்ச பிறகு, எழுத முதல், ஆராவது கையைத் தட்டினால் சிலேற்றில ஒண்டும் இராது. பழசும் இல்லை, புதுசும் இல்லை. ஆசிரியை சொல்லுற ஆபத்து அந்த இடைவெளிதானே? பொறித்தல் எண்டாலும் ஏற்றுதல் எண்டாலும் அது தெரியாது. பழசு உள்ளுக்கை பத்திரமா இருக்கு, மேல புதுசு வருது எண்டுதான் பிள்ளை நினைக்கும்.

அழித்தெழுதுதல் எண்டு எழுதுங்கோ.

சென்னை – வெள்ளி இரவு

அக்கா சொன்னது சூப்பர். நான் ஏத்துறதை வாபஸ் வாங்கிக்கறேன். கடையில மட்டும் ஏத்துவேன்.

கோவை – சனி காலை

அழித்தெழுதுதல் எனக்கும் சரி. ஒரு கவலை: "அழி" என்று கண்டதும் ஆள் பயந்து ரத்து பொத்தானை அழுத்துவார். எல்லா நேரமும் பயப்பட வேண்டிய வேலை அல்ல இது. 2018 ஜூனில் என்விடியாவே ஒரு கருவி வெளியிட்டது, டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 இணைப்புள்ள திரைகளோடு கணினி எழும்போது சில பழைய அட்டைகள் கறுத்து நின்றன, அதற்கு மருந்து. 2020 ஜனவரியில் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி வெளிவரும் நேரத்தில் ரேடியான் நிறுவனமான ஏஎம்டி புதிய பயாஸ் கொடுத்தது. நினைவக வேகம் நொடிக்கு 12 கிகாபிட் என்பதிலிருந்து 14 ஆனது. பழைய பயாஸோடு கடைக்குப் போய்விட்ட அட்டைகளை வாங்கியவர்கள் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களைச் சொல்லாலேயே மிரட்டி விரட்டினால் வாங்கிய வேகம் கிடைக்காது.

மாறாக, பேராசைக்கு எழுதுகிறவர்களை மிரட்டலாம். ஆர்எக்ஸ் 5700இல் எக்ஸ்டியின் பயாஸைப் போட்டால் மின்வரம்பும் வேகமும் ஏறும்; ஷேடர் 2304தான், 2560 ஆகாது. என் 6950 காலத்து அதிர்ஷ்டம் அதில் இல்லை. சூடும் உத்தரவாதம் போவதும்தான் கூடுதல். என்விடியாவில் பாஸ்கல் தலைமுறை அட்டைகள் பயாஸில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று சரிபார்க்கும், திருத்திய பயாஸை ஏற்காது. இங்கே கையொப்பம் என்பதா, ஒப்பம் என்பதா

மட்டுறுத்துநர் – சனி காலை

ஒப்பத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். ஆசிரியைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

மதுரை – சனி மதியம்

நன்றி. பிரிக் என்னவாயிற்று? யாருமே தொடவில்லை.

நாகர்கோவில் – சனி மதியம்

கல்லாதல். கல்லாமலிருத்தல் என்றும் பொருள்படும். பாடநூலுக்கு இரண்டும் பொருந்தும்.

சென்னை – சனி மாலை

"கல்லாயிடுச்சு"ன்னு நாங்களே சொல்வோம் ஐயா, இது ஓகே. ஆனா கல்லானா அதோட போச்சுன்னு பசங்க நினைக்கக் கூடாது. அகலிகைக்கு ராமர் கால், நமக்கு சிஎச்341ஏ, சிப்புல நேரா எழுதற குட்டி யூஎஸ்பி கருவி. கார்டுல பயாஸ் சிப்பு எட்டுக் காலோட சின்னதா இருக்கும், கிளிப்பைக் கவ்வ விட்டு நேரா எழுதிடலாம். புள்ளி இருக்கற பக்கம் முதல் கால், கிளிப்போட சிவப்பு வயர் அங்கதான் வரணும். சிப்பு நம்பரைத் தேடிப் பாத்துட்டு மாட்டச் சொல்லுங்க. 1.8 வோல்ட் சிப்புன்னா நடுவுல அடாப்டர் வேணும், இல்லன்னா அது நிஜமாவே பொரிஞ்சுடும். சின்ன ரகரம்.

மதுரை – ஞாயிறு இரவு

அழித்தெழுதுதலுக்கு ஒன்பது பேர், ஃப்ளாஷ் என்றே விடச் சொல்லி ஆறு பேர், பொறித்தலுக்கு மூன்று பேர், மின்வெட்டுதலுக்குத் தஞ்சை நண்பர். எனக்கு இதற்கு மேல் தெம்பில்லை. இப்படிப் போகிறது:

"நிலைபொருளை அழித்தெழுதும்போது கணினியை அணைக்காதீர்கள், பழையது போய்ப் புதியது முழுதாக வரும் முன் அணைத்தால் அட்டை கல்லாகிவிடும்."

பாடத் தலைப்பில் மட்டும் ஃப்ளாஷ் என்ற சொல்லையும் வைத்திருக்கிறேன். பையன்கள் நாளை வேலைக்குப் போகும் கடையில் அதைத்தான் கேட்பார்கள்.

நாகர்கோவில் – ஞாயிறு இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். உடன்படவில்லை. அழிப்பதும் எழுதுவதும் இரண்டு வினை. ஒரு செயலுக்கு ஒரு சொல் போதும் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பொறி தன் காலம் வரும்வரை காத்திருக்கும்.

மதுரை – வியாழன்

அச்சுப்படி வந்துவிட்டது, பன்னிரண்டாம் பாடத்தை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

நாகர்கோவில் – வியாழன்

அம்மா, முதல் பக்கத்திலேயே நிலைப்பொருள் என்று ப் விழுந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று இடம்.

மதுரை – வியாழன்

ஐயா, அச்சகத்தில் கேட்டேன். "நீங்க எல்லா இடத்துலயும் ப் விட்டுட்டீங்க மேடம், நானே போட்டுட்டேன்" என்கிறார் தட்டச்சு செய்தவர். ஐந்நூறு படி ஓடி முடிந்துவிட்டதாம்.