தம்பி எந்த மன்றத்தில் சேரலாம்?

குழு: நம் குடும்பம்

சித்தி: எல்லாருக்கும் வணக்கம். தம்பி பள்ளியில் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஏதாவது ஒரு மன்றத்தில் சேர வேண்டுமாம். விவாதம், நாடகம், மாதிரி ஐ.நா., எழுத்துகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கிற ஸ்கிராபிள் ஆட்டம், பள்ளி வானொலி என்று ஐந்து இருக்கின்றன. ஐந்தும் ஆங்கிலத்தில்தான். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் கொடுக்க வேண்டும். இவனோ எதுவும் வேண்டாம் என்கிறான். எதில் போடலாம்?

மாமா: விவாதத்தில் போடும்மா. பயம் ஒரே மாதத்தில் தெளிந்துவிடும்.

தங்கை: மாமா, நான் விவாத மன்றத்தில்தான் இருக்கிறேன். இவனை நேராக அங்கே கொண்டுபோய் விட்டால் இருக்கிற பேச்சும் நின்றுவிடும்.

சித்தப்பா: எனக்கு முதலில் ஒரு சந்தேகம். ஆங்கிலம் தினமும் ஒரு பாடமாகவே நடக்கிறது. அதை ஒழுங்காகப் படித்தால் போதாதா? அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. மாலை நேரம் இதற்குப் போய்விட்டால் கணக்கு எப்போது போடுவான்?

நான்: நியாயமான கேள்வி சித்தப்பா. ஆங்கில வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 40 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாயே திறக்காமல் முழு நேரத்தையும் பிள்ளைகளுக்கே கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அதுவும் நடப்பதில்லை. முன்வரிசையில் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். வாசிப்பு, எழுத்து, இலக்கணம் எல்லாம் வகுப்பில் நடந்துவிடும். பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

நான்: இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் நான் கேட்கிற கேள்விக்கு எனக்கு விடை தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அவன் பதில் சொல்வது என் சோதனைக்காக. மன்றத்தில் அப்படி இல்லை. இவன் சொன்னால்தான் எதிரில் இருப்பவனுக்கு விஷயம் தெரியும், சொல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். அந்தத் தேவை வந்தால்தான் பிள்ளைகள் இலக்கணத்தை மறந்து பேச ஆரம்பிக்கிறார்கள்.

சித்தப்பா: சரி, புரிகிறது. வாரம் ஒரு மாலை என்றால் எனக்குச் சம்மதம்.

மாமா: அப்படியென்றால் ஸ்கிராபிள் சரிதானே? ஒரு சொல் தெரிந்தால் அடுத்தது தானாக வரும். நான் அந்தக் காலத்தில் அகராதியைப் பக்கம் பக்கமாகப் படித்தவன்.

நான்: மாமா, உங்களுக்கு நைஜல் ரிச்சர்ட்ஸ் தெரியுமா? நியூசிலாந்துக்காரர், ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலகச் சாம்பியன். 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளிலும் உலகப் பட்டம் வாங்கினார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. பிரெஞ்சுச் சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஜெயித்துவிட்டார்.

மாமா: பேசத் தெரியாமலேயா!

நான்: ஆமாம் மாமா. அபாரமான நினைவாற்றல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்லை அறிவது வேறு, அதை வைத்து ஒருவரிடம் பேசுவது வேறு என்று அதிலிருந்தே தெரிந்துவிடுகிறது அல்லவா? ஸ்கிராபிள் எழுத்துக்கூட்டலுக்கு நல்லது. என் பள்ளியில் அதற்கு ஒரு விதி சேர்த்திருக்கிறேன். பலகையில் வைக்கிற சொல்லை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் காட்டினால்தான் புள்ளி. ஆட்டம் மெதுவாகிவிடும், ஆனால் அப்புறம்தான் பிள்ளைகள் 'அப்படி ஒரு சொல் இருக்கிறதா, என்ன அர்த்தம்?' என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை ஆங்கிலத்தில் நடக்கும்.

சித்தி: விவாதத்தில் என்னதான் செய்வார்கள்? இவள் வீட்டில் பேசுவதே விவாதம்தான், ஆனால் எதுவும் சொல்ல மாட்டாள்.

தங்கை: அம்மா! சரி, சொல்கிறேன். நாங்கள் பழகுவது உலகப் பள்ளி விவாதப் போட்டி நடக்கிற முறையில். 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய போட்டி அது. ஓர் அணிக்கு மூன்று பேச்சாளர், ஆளுக்கு 8 நிமிடம். கடைசியில் ஒவ்வோர் அணிக்கும் 4 நிமிடப் பதிலுரை. 8 நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர, நடுவில் எதிரணிக்காரர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுகிறவர் விருப்பம். ஆனால் ஒன்றுகூட ஏற்காவிட்டால் நடுவர் குறைவாக மதிப்பிடுவார்.

தங்கை: எழுதிக்கொண்டு போனதை 8 நிமிடம் ஒப்பிப்பது யாராலும் முடியும். அந்தக் கேள்வி வந்ததும்தான் தெரியும். எதிரணி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும், உடனே பதில் யோசிக்க வேண்டும், அதையும் ஆங்கிலத்தில் யோசிக்க வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் முதல் படியாக அது வேண்டாம் அம்மா.

அண்ணி: மாதிரி ஐ.நா. பற்றி நான் சொல்லட்டுமா? பள்ளியில் நான் அதில் இருந்தேன். ஐ.நா. சபைக் கூட்டம் போலவே மாணவர்கள் நடத்துவது அது. நமக்கு ஒரு நாட்டைக் கொடுத்துவிடுவார்கள். அந்த நாட்டின் பிரதிநிதியாகவே பேச வேண்டும். 'நான்' என்று சொல்லக்கூடப் பல மாநாடுகளில் அனுமதி இல்லை. 'இந்தப் பிரதிநிதி கருதுகிறார்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல மறைவு. தப்பானாலும் அது என் கருத்து இல்லை, நாட்டின் கருத்து.

தங்கை: ஆனால் அண்ணி, இடையில் எல்லாரும் எழுந்து கூடிப் பேசித் தீர்மானம் எழுதுகிற நேரம் வருமே, அதில் எங்கள் பள்ளியில் எல்லாரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். மைக்கில் மட்டும்தான் ஆங்கிலம்.

அண்ணி: எங்கள் காலத்திலும் அப்படித்தான். உண்மையில் அந்த நேரத்தில்தான் இயல்பாகப் பேசக் கற்றுக்கொள்ளலாம். ஒருவரை இணங்க வைப்பது, 'இந்த வரியை மாற்றினால் ஆதரவு தருகிறோம்' என்பது எல்லாம் அங்கேதான் வரும்.

மாமா: எங்கள் அலுவலகத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டம் நடக்கும். மேடைப் பேச்சு பழகுவதற்காக 1924-இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கம். அதில் ஒருவருக்கு வேலையே, பேசுகிறவர் எத்தனை முறை 'அ...', 'ம்...' என்று இழுக்கிறார் என்று எண்ணுவது. பிள்ளைகளுக்கும் அதைச் செய்யலாமே?

நான்: பேச்சு வந்துவிட்ட பிள்ளைக்குச் செய்யலாம் மாமா. இன்னும் தயங்குகிற பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அவன் இப்போதே தன் பேச்சைத் தானே எண்ணிக்கொண்டிருக்கிறான்.

தம்பி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

சித்தி: இருக்கிறாயா! சொல்லு கண்ணா, உனக்கு எது பிடிக்கும்?

தம்பி: எதுவும் வேண்டாம் என்று சொன்னேனே அம்மா. போன வருடம் பாடம் வாசிக்கும்போது ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் ரொம்ப நாள் அதையே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சித்தப்பா: இதை ஏன்டா எங்களிடம் சொல்லவில்லை?

தம்பி: சொன்னால் நீங்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக் கொடுப்பீர்கள்.

நான்: தம்பி, சொன்னது நல்லது. நீ தப்பாகச் சொன்னதில் ஒன்றுமே இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தது தான் தப்பு. உனக்கு ஒன்று கேட்கிறேன். மேடையில் ஏறாமல் நாடகத்தில் இருக்க விருப்பமா?

தம்பி: திரை இழுக்கிற வேலையா?

நான்: அதைவிடப் பெரியது. மேடை மேலாளர். ஒத்திகையில் முழு நாடகமும் அவர் கையில் இருக்கும். நடிகர் வசனம் மறந்து 'லைன்' என்றால் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பது அவர். யாராவது வராவிட்டால் அவர்கள் வசனத்தை வாசிப்பதும் அவர். நிகழ்ச்சி அன்று ஒளி, ஒலி, திரை எல்லாம் அவர் குரலுக்குத்தான் நகரும்.

நான்: இப்படி நடக்கும். ஒளியோ ஒலியோ மாற வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு, அதைக் க்யூ என்பார்கள். பன்னிரண்டாவது விளக்கு மாற்றம் வருகிறது என்று வைத்துக்கொள். நீ சொல்வாய்: 'ஸ்டாண்ட் பை, லைட்ஸ் ட்வெல்வ்.' விளக்குப் பலகையில் இருப்பவன்: 'லைட்ஸ் ஸ்டாண்டிங் பை.' நடிகர் அந்த வரியைச் சொல்லி முடிக்கிற நொடியில் நீ: 'லைட்ஸ் ட்வெல்வ்... கோ.' கடைசிச் சொல் கேட்டதும் அவன் விரல் நகரும். அதனால்தான் மேடைக்குப் பின்னால் வேறு பேச்சில் அந்தச் சொல்லை யாரும் வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

தம்பி: வேறு ஏதாவது பேச்சில் சொல்லிவிட்டால் விளக்கு அணைந்துவிடுமா?

நான்: அணைந்தே விடலாம். அதனால் பின்னால் இருக்கிற எல்லாரும் உன் பேச்சைக் கூர்ந்து கேட்பார்கள். சிரிக்க நேரம் இருக்காது.

தம்பி: எத்தனை க்யூ இருக்கும்?

நான்: நாடகத்தைப் பொறுத்தது. ஒரு சின்னப் பள்ளி நாடகத்திலேயே நிறைய வரும். எல்லாவற்றையும் நாடகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். ஒத்திகையில் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பேனா கூடாது.

அண்ணி: இது எனக்கே ஆசையாக இருக்கிறதே.

மாமா: மேடையில் பேசாமல் ஆங்கிலம் எப்படி வரும்? பின்னால் சொல்கிற நாலு வார்த்தை போதுமா?

நான்: நாலு வார்த்தை இல்லை மாமா. ஒத்திகை முழுக்க அவன் பிரதியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் காதால் பின்தொடர்கிறான். ஒரே வசனத்தை வெவ்வேறு குரலில், கோபமாக, மெதுவாக, திரும்பத் திரும்பக் கேட்கிறான். வகுப்பில் ஒரு பத்தியைப் பத்து முறை வாசிக்கச் சொன்னால் அது தண்டனை. ஒத்திகையில் அதே பத்து முறை அவசியம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்புறம் ஒரு நாள் ஒரு நடிகர் வராமல் போவார். அன்று இவன் வாசித்தே ஆக வேண்டும். அதற்குள் அந்த வரி அவனுக்குப் பழகியிருக்கும்.

தங்கை: அக்கா, பள்ளி வானொலியும் இவனுக்கு ஒத்துவரும் என்று நினைத்தேன். முகம் தெரியாது, எழுதி வைத்து வாசிக்கலாம், தப்பானால் மறுபடி பதிவு செய்யலாம்.

நான்: அதுவும் நல்ல வழிதான். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வாசிப்பில் பிள்ளைகள் செய்கிற ஒரே பெரிய தப்பு, பயத்தில் ஓடுவது. நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலச் செய்தி வாசிப்புக்கு நிதானமான வேகம். நான் கோடு போட்டுக் கொடுப்பேன். 'தி லைப்ரரி / வில் பி ஓப்பன் / டில் ஃபைவ் தர்ட்டி // டுடே.' ஒரு கோட்டுக்குச் சின்ன நிறுத்தம், இரண்டு கோட்டுக்கு மூச்சு. அப்புறம், நாம் எல்லாரும் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம்: பஸ்ஸு, புக்கு. நம் தமிழ் வாய்க்கு அது இயல்பு. பதிவைக் கேட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறார்கள்.

சித்தி: வீட்டில் நான் என்ன செய்யட்டும்? தப்பாகப் பேசினால் உடனே திருத்தலாமா?

நான்: வேண்டாம் சித்தி. பேசி முடிக்க விடுங்கள். பொருள் புரிந்தால் அதற்குப் பதில் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வருகிற தப்பு ஒன்றை மட்டும் குறித்து வைத்து, அப்புறம் சும்மா இருக்கும்போது சொல்லுங்கள். நடுவில் நிறுத்தினால் அடுத்த முறை வாக்கியத்தையே சின்னதாக்கிவிடுவான்.

நான்: இன்னொரு பயிற்சி உண்டு. பால் நேஷன் என்ற நியூசிலாந்துப் பேராசிரியரின் எழுத்துகளால் பரவலான முறை. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்து இன்னொருவரிடம் 3 நிமிடம், மூன்றாவது ஆளிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். கேட்கிற ஆள் மாறுவதால் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. நேரம் குறைவதால் தயக்கம் குறைகிறது. புதிதாக எதுவும் கற்றுத்தர வேண்டாம், தெரிந்த விஷயத்தையே பேச வேண்டும். அது முக்கியம். கடினமான தலைப்பைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமா: மூன்றாவது ஆள் நான். தம்பி, எனக்குக் குரல் பதிவாக அனுப்பு. நான் திருத்த மாட்டேன், சத்தியமாக.

தம்பி: கிரிக்கெட் பற்றிச் சொல்லலாமா?

மாமா: அதைவிட நல்ல தலைப்பு உண்டா?

தங்கை: முதல் ஆள் நான், 4 நிமிடம். இரண்டாவது அப்பா.

சித்தப்பா: நானா? எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வராதே.

நான்: கேட்டால் போதும் சித்தப்பா. புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள், அவன் வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பான். நீங்கள் கேட்பது அவனுக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

சித்தப்பா: சரிம்மா. இரவில் உட்காருகிறேன்.

தம்பி: அக்கா, மேடை மேலாளர் வேலைக்குப் படிவத்தில் தனியாக இடம் இல்லை. நாடகம் என்று மட்டும் இருக்கிறது.

நான்: நாடகம் என்று எழுதிவிட்டு ஆசிரியரிடம் நேரில் சொல்லிவிடு. பெரும்பாலும் எல்லாரும் நடிக்கத்தான் வருவார்கள், மேடைக்குப் பின்னால் ஆள் கிடைப்பது கஷ்டம். சந்தோஷமாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

நான்: சித்தி, நீங்கள் ஒன்று மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள். ஒத்திகையில் பின்னால் நடக்கிற பேச்சும் ஆங்கிலத்திலா, அல்லது மேடை வசனம் மட்டும்தானா என்று. வசனம் மட்டும் ஆங்கிலம் என்றால் பிள்ளைகள் மனப்பாடம்தான் செய்வார்கள். நாற்காலியை நகர்த்து, இந்தப் பக்கம் வா, சத்தம் கேட்கவில்லை என்பதெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தால்தான் நாம் நினைத்தது நடக்கும். முழு நேரமும் முடியாவிட்டால் முதல் அரை மணி நேரமாவது அப்படி வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

சித்தி: நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

தம்பி: வேண்டாம் அம்மா, நானே கேட்கிறேன்.

சித்தப்பா: படிவத்தில் கையெழுத்துப் போட்டு உன் பையில் வைத்துவிட்டேன். மன்றத்தின் பெயரை நீயே எழுதிக்கொள்.