புதுப்பிப்பு: அந்த 'கோர்' கோப்புகள் என்னவெண்டு பிடிச்சாச்சு

போன கிழமை இங்க கேட்டிருந்தனான்: கொக்குவில் கடையில இருக்கிற லினக்ஸ் கணினியில 'கோர்' எண்டு துவங்கி, பின்னால ஒரு எண்ணோட ஏழெட்டுக் கோப்பு வந்து டிஸ்க்கை நிரப்புது, வைரஸோ எண்டு. வைரஸ் இல்லை.

ஒரு புரோகிராம் இடையில பிழைச்சு விழேக்க (கிராஷ் ஆகேக்க) அதின்ர நினைவகத்தில இருந்ததை லினக்ஸ் அப்பிடியே கோப்பா எழுதி வைக்குது. அந்த எண் புரோசஸின்ர, அதாவது ஓடிக்கொண்டிருந்த அந்தப் புரோகிராமுக்கு லினக்ஸ் குடுத்த, இலக்கம். முந்தின காலத்துக் காந்த வளைய நினைவகத்தைக் 'கோர்' எண்டுதான் சொல்லுவினமாம். பேர் அங்கயிருந்து வந்தது.

ஒரு அண்ணை சொன்னபடி ஒரு கோப்பு என்ன வகை எண்டு சொல்லுற 'ஃபைல்' (file) கட்டளையை ஓட்டினன். ஒரே வரியில ஆளைக் காட்டிக்குடுத்திட்டுது: எல்லாம் ஸ்கானர் புரோகிராமின்ர வேலை. பிழை தேடுற gdb எண்ட புரோகிராமில திறந்து, விழேக்க எந்த இடத்தில நிண்டதெண்டு காட்டுற 'bt' கட்டளையை அடிக்க, படத்தைச் சுருக்கிற இடத்திலதான் விழுந்திருக்கெண்டும் தெரிஞ்சுது. அந்தச் சுருக்கிற வேலைக்கு ஸ்கானர் புரோகிராம் பாவிக்கிற லைப்ரரியை (துணைப் புரோகிராமை) புதுப்பிச்சன். மூண்டு நாளா புதுசா ஒண்டும் வரேல்லை.

பழையதுகளை அழிச்சுப்போட்டன், அதால ஒண்டும் கெடேல்லை. ஆனா அந்தக் கோப்புகளை ஆருக்கும் அனுப்பிப்போடாதேங்கோ. அழிக்க முதல், கோப்புக்குள்ள வாசிக்கக்கூடிய எழுத்துகளைக் காட்டுற 'ஸ்ட்ரிங்ஸ்' (strings) கட்டளையைப் போட்டுப் பார்த்தனான்; அண்டைக்கு ஸ்கான் பண்ண வந்த ஒரு அம்மாவின்ர முழுப்பேர் உள்ளுக்க அப்பிடியே கிடந்தது.