சமையல்காரர் சம்பளத்தில் பாண்ட், லெவியைப் பிடிக்கலாமா? (சிங்கப்பூர்)

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரில் நானும் ஒரு கூட்டாளியுமாகச் சின்ன இந்திய உணவகம் நடத்துகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் சமையல்காரருக்கு ஐபிஏ கடிதம் (வேலை அனுமதிக்கு அரசு முதலில் தரும் கொள்கையளவு ஒப்புதல்) வந்துவிட்டது, அதில் சம்பளம் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருக்கிறோம். இப்போது கூட்டாளி சொல்கிறார், 5,000 வெள்ளி பாண்டை (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குத் தரும் பிணையத்தை) மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடிக்கலாம், லெவியில் (அவரை வேலைக்கு வைக்க மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தீர்வையில்) பாதியும் அவர் கட்டட்டும், தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பதால் கையில் 1,500 போதும், பாஸ்போர்ட்டும் நம்மிடமே இருக்கட்டும் என்று. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. எது சரி?

பதில் 1:
அண்ணே, நாலுமே தப்பு. பாண்ட் 5,000 வெள்ளியை நீங்கள் ரொக்கமாகக் கட்டப்போவதே இல்லை, காப்பீட்டு நிறுவனத்தில் உத்தரவாதமாக வாங்குவீர்கள், பிரீமியம் மட்டும்தான் செலவு. அப்படியிருக்க அவரிடம் 5,000 பிடிப்பது எந்தக் கணக்கில்? லெவி முதலாளி கட்ட வேண்டியது, தொழிலாளியிடம் வாங்கவே கூடாது. வேலை கொடுத்ததற்காக அவரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. பாஸ்போர்ட் அவருடையது, அவரிடமே இருக்கட்டும். ஊரில் கடன் வாங்கிவிட்டு வருபவர்கள்தான் அதிகம், முதல் மாதச் சம்பளத்தை வீட்டில் எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள்.

பதில் 2:
சம்பள விஷயத்தில் இன்னொன்று. இந்தியாவிலிருந்து இந்திய உணவகச் சமையல்காரர்களை ஒர்க் பெர்மிட் என்ற வேலை அனுமதியில் எடுக்க 1 செப்டம்பர் 2023 முதல்தான் வழி வந்தது, நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளியாவது இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சாப்பாடும் அறையும் அந்தக் கணக்கில் சேராது. ஐபிஏவில் கழிவு (சம்பளத்தில் பிடிக்கும் தொகை) என்று எவ்வளவு காட்டியிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், பூஜ்யம்.

பதில் 2:
அப்போ முழு 2,000 கொடுத்தாக வேண்டும். அதில் காட்டாததை நீங்களாகப் பிடிக்க முடியாது, அவர் எழுத்தில் சம்மதித்து எம்ஓஎம்முக்கும் (மனிதவள அமைச்சு) முன்கூட்டியே தெரிவித்தால்தான் உண்டு. அப்புறம், அவர் வருவதற்குள் பாண்டோடு மருத்துவக் காப்பீடும் தயாராக இருக்கட்டும், ஆண்டுக்கு 60,000 வெள்ளியாவது வேண்டும், ஜூலை 2023க்கு முன் 15,000 போதும் என்றிருந்தது. பழைய பாலிசியை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். வந்த 2 வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை.

பதில் 1:
ஐபிஏவின் தமிழ்ப் பிரதியை அவருக்கு அனுப்பினீர்களா? அவர் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கையில் கிடைக்க வேண்டும், சம்பளமும் கழிவும் அதில்தான் அவருக்குப் புரியும்படி இருக்கும்.

கேட்டவர்:
ஏஜெண்ட் அனுப்பியிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன். சமையல்காரரையே கூப்பிட்டுக் கேட்டேன், வரவில்லை என்கிறார். இப்போதே அனுப்பிவிட்டேன். அதே கடிதத்தைக் கூட்டாளிக்கும் அனுப்பியிருக்கிறேன், நாளைக்கு உட்கார்ந்து பேசப்போகிறோம்.