பாமினியா யூனிகோடா என்று காட்ட ஒரு சின்ன எல்சிடி: போட்டதும் கீபோட்டே செத்துப்போகிறது

கரடிப்போக்கு ரைப்பிங்:

வணக்கம். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஒரு சின்ன ரைப்பிங், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவன் அல்ல, யூடியூப் பார்த்து ஈயம் வைக்கப் பழகியவன், அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று அடிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. கிராம அலுவலர் பிரிவு, காணி அனுமதிப்பத்திரம், இப்படிக் கொஞ்சச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ப்ரோ மைக்ரோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய சின்னப் போர்ட் ஒன்றை வைத்து 24 விசையில், 4 வரிசை 6 நிரல், ஒரு பக்கக் கீபோட் செய்தேன். உள்ளே ஓடுவது கியூஎம்கே பேர்ம்வெயார், கீபோட்டின் விசைகளைப் பார்த்துக் கணினிக்கு அனுப்பும் நிரல். ஒரு விசையை அமத்தினால் முழுச் சொல்லும் விழும். அதுவரை எல்லாம் நல்லபடி.

சிக்கல் என்னவென்றால் சிலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பைத் திருத்தக் கொண்டுவருவார்கள், சிலருக்கு யூனிகோடில் வேண்டும், அதற்கு நான் பாவிப்பது தமிழ்99 விசை அமைப்பு. பாமினியில் கி என்று வர எஃப், பி விசைகள். தமிழ்99-இல் அதே கி-க்கு எச், எஸ். எனவே ஒரே சொல்லுக்கு இரண்டு லேயர், அதாவது அதே விசைகளுக்கு இரண்டு தனி அடுக்கு, வைத்திருக்கிறேன். எந்த லேயரில் நிற்கிறேன் என்று மறந்துபோய் அமத்தினால், கிளிநொச்சி தொடங்கவேண்டிய இடத்தில் ஒரு குற்றும் (மெய்யெழுத்துப் புள்ளி) ஒரு ணவும் வந்து நிற்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெட்கம்.

அதற்காக 16 எழுத்து 2 வரி எல்சிடி ஒன்றை, எச்டி44780 என்ற சில்லு வைத்த வகை, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குவித்து பஸ்ஸில் எடுப்பித்தேன். ஆர்டுயினோ என்ற பழகு போர்ட்டுக்கான பாடம் ஒன்றைப் பார்த்து வயர் போட்டேன்: ஆர்எஸ், ஈ, டி4 முதல் டி7 வரை ஆறு பின், திரையை வாசிக்கவா அதில் எழுதவா என்று சொல்லும் ஆர்டபிள்யூ பின்னைக் கிரவுண்டில் கட்டினேன். ஆர்டுயினோவில் எழுத்து வந்தது. அதே வயரிங்கோடு கியூஎம்கேயில் எச்டி44780 வசதியைத் திறந்து ஏற்றினால் திரையில் ஒரு எழுத்தும் இல்லை, அதைவிட மோசம், ஒரு விசையும் வேலை செய்யவில்லை. எல்சிடி பகுதியை எடுத்துவிட்டு ஏற்றினால் விசைகள் உயிர்க்கின்றன. மூன்று இரவு போய்விட்டது.

மாங்குளத்தான்:

எல்சிடியோடு கட்டிய பொட் ஒன்று இருக்கும், கொன்ட்ராஸ்ட் மாற்றும் திருகி, அதைத் திருகிப் பாருங்கள் அண்ணை. பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான்.

கரடிப்போக்கு ரைப்பிங்:

திருகினேன் தம்பி. மேல்வரியில் 16 கறுப்புக் கட்டம் தெரிகிறது, கீழ்வரி வெறுமை. அதற்கு மேலே ஒன்றுமில்லை. கொன்ட்ராஸ்ட் என்றால் விசைகள் ஏன் சாகவேண்டும்?

அறிவியல்நகர் பொடியன்:

அண்ணை கேட்டது சரியான கேள்வி. மேல்வரி மட்டும் கட்டம் கட்டமாக இருந்தால் மின்சாரமும் கொன்ட்ராஸ்டும் சரி, ஆனால் திரைக்குள் இருக்கும் சில்லுக்கு யாரும் ஒழுங்காகக் கட்டளை சொல்லவில்லை என்று அர்த்தம். விசைகள் ஏன் சாகின்றன என்பதில்தான் விடை கிடக்கிறது.

ஆர்டபிள்யூ-வைக் கிரவுண்டில் கட்டியதுதான் பிழை. ஆர்டுயினோவின் வழமையான லைப்ரரி திரையிடம் ஒன்றும் கேட்காது. ஒரு கட்டளையை அனுப்பிவிட்டு, இவ்வளவு நேரத்தில் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்து அடுத்ததை அனுப்பும். சாதாரணக் கட்டளைக்கு 37 மைக்ரோ செக்கன் காணும், திரையைத் துடைப்பதற்கு 1.52 மில்லி செக்கன். அதனால் அங்கே ஆர்டபிள்யூ கிரவுண்டில் கிடந்தாலும் பரவாயில்லை. கியூஎம்கேயின் டிரைவர் அப்படி அல்ல, ஒவ்வொரு தரமும் "வேலை முடிந்துவிட்டதா" என்று திரையையே கேட்கும். கேட்க ஆர்டபிள்யூ பின்னின் மின்னழுத்தம் மேலே போகவேண்டும். உங்கள் வயர் அதைக் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது, எனவே திரை பதில் சொல்வதில்லை. அந்தச் சில்லின் டேட்டாப் பின்களில் உள்ளேயே மேலிழுக்கும் ஏற்பாடு இருப்பதால் யாரும் பேசாதபோது ஒன்று, ஒன்று என்றுதான் வாசிக்கும். ஒன்று என்றால் "இன்னும் வேலையாக இருக்கிறேன்". பேர்ம்வெயார் பாவம், முடியும் முடியும் என்று வாசலிலேயே நிற்கிறது. விசைகளைப் பார்க்கும் வேலைக்கு அது வந்து சேரவே இல்லை.

ப்ரோ மைக்ரோவில் 18 பின் பாவிக்கலாம். உங்களுக்கு விசைக்கு 10, திரைக்கு 6, மிச்சம் 2. ஆர்டபிள்யூ-வைக் கிரவுண்டிலிருந்து கழற்றி அந்த இரண்டில் ஒன்றில் கட்டி, கியூஎம்கேயின் அமைப்புகளை எழுதும் கொன்பிக் கோப்பிலும் அந்தப் பின்னைச் சொல்லிவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

இன்னொன்று, இதை நான் பட்டுத்தான் படித்தேன்: திரையில் எழுதும் வேலையை விசைகளை ஸ்கேன் பண்ணும் இடத்தில் வைக்காதீர்கள், லேயர் மாறும்போது மட்டும் கூப்பிடப்படும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் துடைத்து எழுதினால் திரை மினுங்கும், விசையும் இழுபடும். துடைக்கவே தேவையில்லை, பழைய எழுத்துக்கு மேலே புதியதை எழுதி மிச்சத்துக்கு வெற்றிடம் போட்டால் சரி. திரையின் நினைவில் இரண்டாம் வரி முகவரி 64-இல் தொடங்கும், 16-இல் அல்ல. டிரைவரிடம் வரியையும் நிரலையும் சொன்னால் அதுவே பார்த்துக்கொள்ளும், ஆனால் நீங்களாக முகவரி போட்டால் எழுத்து காணாமல் போய்விட்டது என்று தேடுவீர்கள்.

கரடிப்போக்கு ரைப்பிங்:

தம்பி, ஒரே ஒரு வயர்! மாற்றி ஏற்றியதும் வந்துவிட்டது. வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன், இதற்கா மூன்று நாள் என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

இப்போது இரண்டு கேள்வி. தமிழ் எழுத்துக் காட்ட ஏலுமா? மற்றது, திரை "தமிழ்99" என்று காட்டுகிறது, ஆனால் விண்டோஸ் ஆங்கிலத்தில் நின்றால் குப்பைதான் விழுகிறது. லேயர் விசையோடு சேர்த்து மொழி மாற்றும் ஓல்ட் ஷிப்ட்டையும் அனுப்பிப் பார்த்தேன், பத்துத் தரம் சரி, பதினோராம் தரம் தலைகீழ்.

புதுக்குடியிருப்பு அக்கா:

தமிழ் எழுத்து ஏலும், ஆனால் ஆசையைக் குறையுங்கள். அந்தத் திரையின் நினைவில் இருப்பது ஆங்கிலம், ஆசியாவில் விற்கும் அநேகமானவற்றில் ஜப்பான் எழுத்தும். நாமாகக் கீறிப் போட எட்டு இடம்தான், ஒவ்வொன்றும் அகலம் 5 புள்ளி உயரம் 8. ப, ட போல நேர்கோட்டு எழுத்து நன்றாக வரும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், இடப்பக்கப் புள்ளியிலிருந்து 16, 8, 4, 2, வலப்பக்கம் 1, கறுக்கவேண்டியவற்றைக் கூட்டுங்கள். ப-வுக்கு ஆறு தரம் 17, அப்புறம் ஒரு 31, கடைசி 0. ட-வுக்கு 17-க்குப் பதில் 16. அ, ஞ எல்லாம் அந்த அகலத்துக்குள் அடங்காது, இரண்டு கட்டத்தில் போட்டாலும் நடுவில் இடைவெளி விழுந்து வெட்டுப்பட்ட எழுத்தாக நிற்கும். பாமினிக்கு ப-வும் அரவும் போட்டுப் "பா", மற்றதற்கு ஒரு த-வும் 99-உம், காணும். முதல் இடத்தின் இலக்கம் 0, அது ஒரு சொல்லின் நடுவில் வந்தால் பேர்ம்வெயார் எழுதும் சீ மொழி சொல் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடும். அதற்கு 8 என்று எழுதுங்கள், அதே எழுத்துத்தான் வரும். மின் போனால் இந்த எட்டும் அழிந்துவிடும், தொடக்கத்தில் ஒவ்வொரு தரமும் ஏற்றவேண்டும்.

இரண்டாவது கேள்விதான் பெரிது. உங்கள் கீபோட்டுக்குத் தன் லேயர் மட்டும்தான் தெரியும். விண்டோஸ் எந்த மொழியில் நிற்கிறது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. ஓல்ட் ஷிப்ட் என்பது "மாற்று" என்று மட்டும் சொல்கிறது, "இதற்குப் போ" என்று சொல்வதில்லை. நடுவில் மவுஸால் ஒரு தரம் மாற்றினீர்களோ, அதற்குப் பிறகு திரை பொய் சொல்லிக்கொண்டே இருக்கும், பொய் சொல்லும் திரையைவிடத் திரை இல்லாமல் இருப்பது மேல். விண்டோஸின் மேம்பட்ட விசைப்பலகை அமைப்புக்குள் உள்ளீட்டு மொழிக்கான ஹொட்கீ என்று ஒரு இடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குக் கொன்ட்ரோல் ஷிப்ட் 1, தமிழ்99-க்குக் கொன்ட்ரோல் ஷிப்ட் 2 என்று தனித்தனியாகக் கொடுங்கள். லேயர் விசை அதையே அனுப்பட்டும். ஏற்கனவே அந்த மொழியில் நின்றாலும் ஒன்றும் கெடாது. அனுப்பிய பிறகு ஒரு 100 மில்லி செக்கன் விட்டுச் சொல்லை அடிக்க விடுங்கள்.

பாமினிக்கு இன்னும் ஒரு படி. அங்கே மொழி ஆங்கிலம், எழுத்துருதான் பாமினி. வேர்ட்டில் ஒரு எழுத்துருவுக்கே குறுக்கு விசை கொடுக்கலாம், விசைப்பலகையைத் தனிப்பயனாக்கும் இடத்தில் எழுத்துருக்கள் என்ற பிரிவில் தேடுங்கள். பாமினி லேயர் விசை முதலில் கொன்ட்ரோல் ஷிப்ட் 1, அடுத்து அந்தக் குறுக்கு விசை. நான் அச்சகத்தில் இப்படித்தான் வைத்திருக்கிறேன், திரை இல்லாமலே.

மாங்குளத்தான்:

அக்கா இருக்கும்போது நான் பொட்டைத் திருகச் சொன்னது பகிடியாகப் போய்விட்டது.

கரடிப்போக்கு ரைப்பிங்:

எல்லாம் சரிவந்துவிட்டது அக்கா, கோடி நன்றி. இரண்டு நாளாக ஒரு குற்றும் தப்பி விழவில்லை. ஒன்று மட்டும்: மின் வெட்டி வெட்டி வரும்போது சிலவேளை திரையில் கண்டபடி எழுத்து நிற்கிறது, விசைகள் சரி.

அறிவியல்நகர் பொடியன்:

நாலு வயரில் ஒரு எழுத்து இரண்டு பாதியாகப் போகிறது. நடுவில் ஒரு பாதி தவறினால் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு பாதி தள்ளி வாசிக்கப்படும். தொடக்கக் கட்டளைகள் அதைச் சரிக்கட்டும், எனவே ஒரு மூலை விசைக்குத் திரையை மறுபடி தொடக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள், கீறிய எழுத்துகளையும் சேர்த்து ஏற்றச் சொல்லி. வயர் நீளமென்றால் குறையுங்கள்.

மற்றது, மாங்குளத்தான் சொன்ன பொட்டை மறக்கவேண்டாம். வெக்கை ஏற ஏற எழுத்தின் கறுப்பு மாறும், தகரக் கூரைக் கடை என்றால் மத்தியானத்துக்கு ஒரு தரம் திருகத்தான் வேண்டிவரும்.

மாங்குளத்தான்:

பார்த்தீர்களா.