புதுப்பிப்பு: கிரவுன்-பினியன் மாற்றிய கான்டெஸாவில் ஊளைச் சத்தம், தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏற்காடு மலை ஏற இழுவை போதவில்லை என்று பழைய கான்டெஸா காரின் பின் ஆக்சிலில் சுமார் 5% கூடுதல் ரேஷியோ உள்ள கிரவுன்-பினியன் போட்டிருந்தேன் (எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி; பெரியது கிரவுன், சிறியது பினியன்). அப்புறம் 50 கி.மீ. வேகத்துக்கு மேல் ஆக்சிலரேட்டர் கொடுத்தாலே ஊளை. அதைத்தான் கேட்டிருந்தேன்.

முதலில் ஆக்சில் ஆயில் மாற்றினேன், ஜிஎல்-5 90 ரகம். பலனில்லை. வீல் பேரிங்கும் நன்றாகவே இருந்தது. "பல்லில் நீலச்சாயம் தடவிச் சுற்றிப் பார் தம்பி" என்று இங்கே ஓர் அண்ணன் சொன்னதுதான் சரி. கிரவுன் பல்லின் மேல்விளிம்பில் மட்டும் தடம் விழுந்தது. பினியன் கிரவுனை விட்டுத் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். மாட்டிய பட்டறையில் பழைய ஷிம்மையே (இடைவெளி சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையம்) அளக்காமல் போட்டிருக்கிறார்கள். பினியன் தலைக்குப் பின்னால் கொஞ்சம் தடித்த ஷிம் வைத்ததும் தடம் பல்லின் நடுவுக்கு வந்தது. பினியன் நகர்ந்தால் பேக்லாஷும் (இரண்டின் பற்களுக்கும் நடுவிலுள்ள சிறு இடைவெளி) மாறும், அதையும் டயல் கேஜ் வைத்து 0.15 மி.மீ.க்குத் திரும்ப வைத்தோம். பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் வரும் நசுங்கும் ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் மறுபடி உதவாது, அதனால் கட்டாயம் புதிது. அதில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

கோரிமேட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியாயிற்று. ஊளை இல்லை. இரண்டாம் கியரிலேயே இழுக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: ஜிபிஎஸ் 60 காட்டும்போது ஸ்பீடோமீட்டர் 63 என்கிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது; புது ரேஷியோவில் அதே வேகத்துக்கு அங்கே தண்டு சுமார் 5% கூடுதலாகச் சுற்றுவதால் கிலோமீட்டரும் கூடுதலாகவே ஓடும். மைலேஜ் திடீரென்று ஏறியதாகச் சந்தோஷப்பட்டேன், அதுவும் இதனால்தான்.