கோபால்ட்–நிக்கல் பிரிப்பு: சயானெக்ஸ் 272 கோபால்ட்டை இழுக்கவில்லையே, ஏன்?

பிரிபுனல்:
பழைய லித்தியம் அயான் பேட்டரியின் கரும்பொடியை (மின்முனைப் பொருளின் தூள்) கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பு, அலுமினியம், செம்பு மூன்றையும் நீக்கிய கரைசல் இது. லிட்டருக்குக் கோபால்ட் 10 கிராம், நிக்கல் 8, மாங்கனீசு 2. கரைப்பான், மண்ணெண்ணெயில் கன அளவில் 20% சயானெக்ஸ் 272 (உலோக அயனியைப் பிடித்து எண்ணெய் அடுக்குக்கு இழுக்கும் கரிம அமிலம்). பிஎச் 5.5க்கு ஏற்றிச் சம அளவில் 10 நிமிடம் குலுக்கினால் பிஎச் 3க்கு விழுந்துவிடுகிறது. கோபால்ட் 5% கூட மேலே உள்ள கரைப்பான் அடுக்குக்கு ஏறவில்லை. குலுக்கும்போதே காஸ்டிக் சோடா சொட்டு விட்டால் இரண்டு அடுக்குக்கும் நடுவே சேறு. தவறு எங்கே?

உலோகக்காரன்:
கரைசலின் ஆரம்ப பிஎச்சை மறந்துவிடுங்கள். கணக்கில் வருவது குலுக்கி முடித்த பிறகு அளக்கும் பிஎச்தான். ஒரு கோபால்ட் அயனி மேலே ஏறினால் இரண்டு ஹைட்ரஜன் அயனி கீழே இறங்கும். 10 கிராம் கோபால்ட் என்றால் 0.17 மோல், அது முழுதும் ஏற 0.34 மோல் அமிலம் வெளிவரும். அதைத் தாங்க உங்கள் கரைசலில் எதுவும் இல்லை. துளி கோபால்ட் ஏறியதுமே பிஎச் சரிந்து வினை நின்றுவிடுகிறது.

எனவே காரத்தைக் கரைப்பானுக்கே முன்கூட்டிக் கொடுங்கள், அதாவது அதிலுள்ள அமிலத்தில் ஒரு பகுதியைச் சோடியம் உப்பாக மாற்றிச் சோப்பாக்குங்கள். சரக்கு சுமார் 85% தூய்மை என்று வைத்தால் 20% கரைப்பானின் செறிவு ஏறக்குறைய 0.53 மோலார். ஒரு லிட்டர் கரைசலுக்கு இரண்டு லிட்டர் கரைப்பான் எடுத்து, 10 மோலார் காஸ்டிக் 34 மி.லி. ஊற்றித் தெளியும்வரை கலக்குங்கள். இது சுமார் 32% சோப்பாக்கம். காஸ்டிக்கில் உள்ள தண்ணீரைக் கரைப்பான் விழுங்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். பிரித்தெடுக்கும்போது அது திரும்பிக் கீழே வரும், நீரின் அளவு சற்றுக் கூடும்.

முடிவு பிஎச் 5 முதல் 5.5க்குள் நிற்கட்டும். 6ஐத் தொட்டால் நிக்கலும் கூட ஏறத் தொடங்கும். சம அளவிலேயே செய்வேன் என்றால் 60%க்கு மேல் சோப்பாக்க வேண்டிவரும். கோபால்ட் நெருக்கமாக ஏறி கரைப்பான் பாகு போலக் கெட்டியாகும், அடுக்கு பிரியவும் நேரமெடுக்கும்.

பீக்கர்:
மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் மாங்கனீசை விட்டுவிட்டார். சயானெக்ஸில் அது கோபால்ட்டுக்கு முன்பே ஏறும். முதலில் டி2இஎச்பிஏ (இதுவும் சயானெக்ஸ் போன்ற ஒரு கரிம அமிலம்) கொண்டு பிஎச் 3 முதல் 3.5க்குள் அதை எடுத்துவிடுங்கள். இரும்பு, அலுமினியம் நீக்கச் சுண்ணாம்பு போட்டிருந்தால் கால்சியமும் இதில் ஏறும். பிறகு கந்தக அமிலத்தால் கரைப்பானிலிருந்து நீருக்கு இறக்கும்போது ஜிப்சமாக உறைந்து தொல்லை தரும். சுண்ணாம்பைத் தொடாமல் காஸ்டிக் அல்லது சோடியம் கார்பனேட் போடுவது நல்லது.

அந்தச் சேறு என்னவென்று சோதித்துப் பாருங்கள். கொஞ்சம் எடுத்து நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். கரைந்தால் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் விழுந்த இடத்தில் மட்டும் பிஎச் எகிறியதன் விளைவு. கரையாமல் கறுப்பாக நின்றால் கிராஃபைட் தூள், கரைசலை 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டுங்கள். திடப்பொருளே இல்லாத தெளிந்த நடு அடுக்கு என்றால் சோடியம் சோப்பு மண்ணெண்ணெயில் கரையாமல் பிரிந்தது. 5% ட்ரைபியூட்டைல் பாஸ்ஃபேட் சேர்த்தால் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்.

உலோகக்காரன்:
மாங்கனீசு விஷயம் சரிதான். இன்னொன்று, 50 டிகிரியில் செய்யுங்கள். சூட்டில் கோபால்ட் தன்னோடு ஒட்டிய தண்ணீரை உதறி நான்முகி வடிவுக்கு (சுற்றி நான்கு அணுக்கள்) மாறும். கரைப்பான் அடர்நீலமாவதே அதற்கு அடையாளம். நிக்கல் எண்முகியாகவே (சுற்றி ஆறு அணுக்கள்) நிற்கும், அதனால் இரண்டுக்கும் இடைவெளி கூடும். ஆனால் சாதாரண மண்ணெண்ணெய் 40 டிகிரியை ஒட்டியே தீப்பற்றும் ஆவி விடும். தண்ணீர்த் தொட்டிச் சூடு மட்டும், சுடர் கூடவே கூடாது. பிரிபுனலை அடிக்கடி திறந்து காற்றை விடுங்கள்.

ஒட்டிக்கொண்ட நிக்கலை அமிலத்தால் கழுவினால் கோபால்ட்டும் இறங்கும். நீர்த்த கோபால்ட் சல்ஃபேட்டால் கழுவுங்கள், கோபால்ட் நிக்கலைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். பிறகு கோபால்ட்டை நீருக்கு இறக்க 0.5 மோலார் கந்தக அமிலம், கரைப்பானில் கால் பங்கு அளவு போதும். லிட்டருக்கு 20 கிராம் கோபால்ட் கிடைக்கும்.

பிரிபுனல்:
நன்றி. காஸ்டிக்குக்குப் பதில் அம்மோனியாவால் சோப்பாக்கலாமா? சோடியம் சேராதே.

பீக்கர்:
கோபால்ட்டுக்குத் தடையில்லை. ஆனால் கீழே தங்கும் நீரில் நிக்கல் அம்மோனியம் சல்ஃபேட் இரட்டை உப்பு உருவாகும்; அது அதிகம் கரையாது, செறிவு கூடி ஆறினால் குழாயில் பச்சைப் படிகமாக அடைக்கும். இவ்வளவு நிக்கல் இருக்கும் கரைசலுக்குக் காஸ்டிக்கே மேல்.