ஸ்கின் ஓபில எல்லாத்துக்கும் "எரித்திமேட்டஸ் பேட்ச்" (சிவந்த திட்டு)னே எழுதிட்டு இருக்கேன், எப்படி மாத்திக்கறது?

புதுசிஆர்ஆர்ஐ:
ஹவுஸ் சர்ஜனா ஸ்கின் போஸ்டிங் வந்து 4 நாள் ஆகுது. வர்றவங்க எல்லாரும் "தேமல் டாக்டர்"னு தான் சொல்றாங்க, ஆனா காட்றது ஒவ்வொருத்தருக்கும் வேற வேற, நான் எல்லாத்துக்கும் எரித்திமேட்டஸ் பேட்ச்னு எழுதிடறேன். நேத்து ஒரு அம்மா, நல்ல கருப்பு, முழங்கைல தடிச்சு செதில் செதிலா இருந்துச்சு. என் கேஸ் ஷீட்ட பாத்துட்டு மேடம் "இதுல சிவப்பு எங்கம்மா இருக்கு, காட்டு"ன்னாங்க, எனக்கு வாயே வரல. புக்கு போட்டோல பாதிக்கு மேல வெள்ளைக்காரங்க தோல். நம்ம ஆளுங்களுக்கு எப்படி பாத்து எழுதறது?

டெர்ம்பிஜிஅக்கா:
மொதல்ல வியாதி பேர மறந்துட்டு விரலால தடவி பாரு மா. மட்டமா இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தா மேக்யூல், 1 செ.மீ. தாண்டுனா பேட்ச். விரல்ல தட்டுப்பட்டா பாப்யூல், அதுவே 1 செ.மீ.க்கு மேல அகலமா மேடா இருந்தா பிளாக் (plaque). சில புக்குல 0.5னு இருக்கும், உங்க டிபார்ட்மென்ட்ல சொல்றத புடிச்சுக்கோ. அந்த அம்மாவுக்கு தடிச்சு இருக்குன்னு நீயே சொல்ற, அப்ப அது பேட்சே இல்ல. அப்புறம் எரித்திமா, அதான் அந்த சிவப்பு, நம்ம தோல்ல சிவப்பா நிக்காது, ஊதா, சாம்பல், அடர் பிரவுன்னு தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்துக்கு கூட்டிட்டு போயி பக்கத்துல இருக்கற நல்ல தோலோட ஒப்பிட்டு பாரு, புறங்கைய வச்சு சூடு இருக்கான்னு பாரு. செதில லேசா சுரண்டுனா வெள்ளியாட்டம் உதிருதா, அடியில ஊசிமுனை அளவு ரத்தப்புள்ளி வருதா, அதையும் எழுது.

பிஹெச்சிடாக்டர்:
தம்பி தங்கச்சிகளுக்கு என் பங்குக்கு ஒண்ணு. வெளிறின தேமல்னா பஞ்சு எடுக்காம பேனாவ எடுக்காதீங்க. பஞ்ச நூலாட்டம் திரிச்சு நுனியால தொடணும், தேய்க்கக் கூடாது. மொதல்ல நல்ல தோல்ல தொட்டு காட்டிட்டு, அப்புறம் கண்ண மூடச் சொல்லி தொட்ட இடத்த விரலால காட்டச் சொல்லணும். 8 மாசமா தேமல் க்ரீம் போட்டுட்டு இருந்த ஒருத்தர் என்கிட்ட வந்தார், தோள்ல மூணு தடவ தொட்டேன், கண்ண மூடினபடியே "எப்ப சார் தொடுவீங்க"ன்னு கேட்டார். முழங்கைல அல்னார் நரம்பு கயிறாட்டம் தடிச்சிருந்துச்சு. தொழுநோய். அதனால உடம்பு முழுக்க பாத்து தேமல எண்ணி எழுதுங்க, 5 வரைக்கும் இருக்கறதும், 6 இல்ல அதுக்கு மேல இருக்கறதும் தொழுநோய்ல வேற வேற வகைல சேரும்.

ஓபிநர்ஸ்:
என்ன தடவுனீங்கன்னு கேளுங்க, அந்த ட்யூப எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மெடிக்கல்ல வாங்குன ஸ்டீராய்டு க்ரீம் போட்டு படர்தாமரையோட வளையமே அழிஞ்சு போயி வர்றவங்க அவ்ளோ பேர் இருக்காங்க.

புதுசிஆர்ஆர்ஐ:
ரொம்ப நன்றி அக்கா, சார், சிஸ்டர். இன்னைக்கு அந்த அம்மா ரிவியூ வந்தாங்க. ரெண்டு முழங்கைலயும் ஓரம் தெளிவா தெரியற பிளாக், ஊதா கலந்த பிரவுன், மேல வெள்ளி செதில், பெருசு 4க்கு 3 செ.மீ.னு எழுதியிருக்கேன். நகத்துல குண்டூசி குத்துனாப்ல குழி இருக்கு, அதையும் சேக்கணுமா?

டெர்ம்பிஜிஅக்கா:
கண்டிப்பா, நீ சொல்றத பாத்தா சொரியாசிஸ் மாதிரி இருக்கு, எத்தன விரல்னு எண்ணி எழுது. காலைல எந்திரிக்கும்போது விரல் மூட்டு வலி, இறுக்கம் இருக்கான்னும் கேட்டுடு.